லாவோஸ்: வழிகாட்டி வேண்டுமா, நாமே சுற்றலாமா?

வாசகர் கேள்வி, 2025 ஜனவரி 27

மார்ச்சில் ஒரு வாரம் லாவோஸ் போகிறோம். ஏஜென்ட் ஒருவர் லுவாங் பிரபாங்கில் மூன்று நாள் "கலாச்சாரம், கோயில், இயற்கை" டூர் என்று ஒன்றைத் தலையில் கட்டப் பார்க்கிறார். தாய்லாந்தில் பார்த்த அதே புத்தர் கோயில்கள்தானே? ஒரு அருவி, ஒரு குகை. கையில் போன் இருக்கிறது, மேப் இருக்கிறது. இதற்கு எதற்கு வழிகாட்டி? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 27, இரவு 10.40

நானும் அக்காவும் திரும்பிப் பத்து நாள்தான் ஆகிறது, பெட்டி பாதி பிரிக்காமல் கிடக்கிறது. அக்காவுக்கு 64 வயது, முழங்கால் தகராறு, சுத்த சைவம். நான் வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கியவள், எல்லாம் சாப்பிடுவேன்.

நேர் பதில்: லுவாங் பிரபாங் ஊருக்குள் சுற்ற வழிகாட்டி வேண்டாம். மெகாங்குக்கும் "நம் கான்" ஆற்றுக்கும் (நம் என்றால் லாவோ மொழியில் தண்ணீர், ஆறு) நடுவில் நாக்கு நீட்டியதுபோல ஒரு துண்டு நிலம், அதுதான் பழைய ஊர். தொலைந்து போனாலும் ஏதாவது ஒரு ஆற்றில் போய் முட்டி நிற்பீர்கள். நடுவில் பூ சி குன்று, 500 படி. கீழே பழைய அரண்மனை, இப்போது அருங்காட்சியகம். முனையில் வாட் சியெங் தோங் (வாட் என்றால் புத்தர் கோயில்), 1560 வாக்கில் செத்தாதிராத் மன்னர் கட்டியது. அதன் பின்சுவரில் கண்ணாடிச் சில்லுகளால் ஒரு பெரிய மரம். 400 வருஷம் பழசு, வெயில் சாயும்போது போய்ப் பாருங்கள். விடியற்காலையில் துறவிகள் வரிசையாகப் பிச்சை ஏற்கும் தக் பாத்தையும் விடாதீர்கள். நாங்களும் உட்கார்ந்து சோறு போட்டோம், மறக்க முடியாதது.

அருவிக்கு டூரில் போனோம். அதைப் பற்றி நாளை எழுதுகிறேன், இப்போது எழுதினால் திட்டுவேன்.

ஜனவரி 28, காலை

திட்டிவிடுகிறேன்.

குவாங் சி அருவி ஊரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். விடுதிக்கு எதிரே ஒரு கடையில் "அரை நாள் டூர், வழிகாட்டி உண்டு" என்று பலகை. கடைப் பெயர் வேண்டாம், அந்தத் தெருவில் எல்லாக் கடையிலும் அதே பலகைதான். வேனில் பன்னிரண்டு பேர். வழிகாட்டி முன்சீட்டில் மைக்கோடு உட்கார்ந்து வருஷக் கணக்கு ஒப்பித்துக்கொண்டே வந்தார், யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. நடுவில் ஹ்மோங் என்ற மலைவாழ் மக்களின் கிராமம் ஒன்றில் பதினைந்து நிமிஷம். வேன் நின்றதும் ஐந்தாறு வயசுக் குழந்தைகள் கை நிறையக் கயிற்று வளையல்களோடு ஓடி வந்தார்கள். எல்லாரும் ஆளுக்கு ஒன்று வாங்கினோம், ஏறினோம். அந்தப் பதினைந்து நிமிஷத்தில் ஊரின் பெயரைக்கூட யாரும் சொல்லவில்லை.

அருவி? அது அழகுதான், யார் கூட்டிப் போனாலும் கெடாது. சுண்ணாம்புப் பாறை மேல் வரும் தண்ணீர். சுண்ணாம்பு படிந்து படிந்து தானே வரப்பு கட்டிக்கொண்டு அடுக்கடுக்காகக் குளங்கள் ஆகியிருக்கின்றன. நிறம், பால் கலந்த பச்சை. நுழைவாயில் பக்கம் கரடிக் காப்பகம் ஒன்று. மார்பில் பிறை வைத்த கறுப்புக் கரடிகள், பித்தநீருக்காகக் கடத்தப்பட்டு மீட்கப்பட்டவை. ஒரு கரடி ஊஞ்சல் படுக்கையில் மல்லாந்து படுத்துக் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். அதற்குள் வேன் ஹாரன். மொத்தம் கிடைத்தது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு.

ஆக, அருவிக்கு நீங்களே ஒரு வண்டி பிடித்துக்கொள்ளுங்கள். காலையில் வாயில் திறந்ததும் போங்கள். வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் காபி குடிக்கலாம். லாவோஸ் காபி நல்ல காபி, தெற்கே பொலாவென் பீடபூமியில் விளைவது. அடியில் அரை விரல் கண்டன்ஸ்ட் மில்க்.

ஜனவரி 28, மதியம்

திருத்தம். பூ சி படி 500 இல்லையாம், அரண்மனைப் பக்கத்திலிருந்து 328தான் என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன். அக்காவின் முழங்காலைக் கேட்டால் ஆயிரம் என்று சொல்லும்.

ஜனவரி 30

இன்னொரு திருத்தம், இது வெட்கப்பட வேண்டியது. சியெங் தோங் பின்சுவர் மரத்தை 400 வருஷப் பழசு என்று எழுதினேன் அல்லவா? கோயில்தான் அவ்வளவு பழசு. கண்ணாடிச் சில்லு வேலை 1960களில் செய்தது. எனக்கு இது தெரியும்! மூன்றாம் நாள் எங்களோடு வந்த தம்பி அந்தச் சுவருக்கு முன்னாலேயே நின்று சொன்னார். முதல் நாள் நானாகப் போய் நின்று "அடேயப்பா, 400 வருஷம்" என்று மலைத்தது மனசில் பதிந்துவிட்டது, அப்புறம் சொன்னது மேலே ஒட்டவில்லை.

அந்தத் தம்பியைப் பற்றி முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். வேன் டூரில் நொந்துபோய், விடுதிக்கார அம்மாவிடம் புலம்பினோம். அவர் தன் உறவுக்காரப் பையனை அனுப்பினார். உரிமம் பெற்ற வழிகாட்டி, முப்பது வயசுக்குள். பன்னிரண்டு வயசில் நம் ஊ ஆற்றின் மேல்பக்கத்துக் கிராமத்திலிருந்து படிப்புக்காக இந்த ஊர் வாட் ஒன்றில் துறவியாகச் சேர்ந்து, எட்டு வருஷம் கழித்து அங்கியைக் களைந்தவர். அங்கே அது குறையில்லை, வீட்டுக்கு ஒரு பையன் கொஞ்ச காலம் துறவியாக இருந்து வருவது வழக்கம்தான். லுவாங் பிரபாங் வழிகாட்டிகள் பலருக்கு இதே கதை.

அக்காவை "பா, பா" என்று கூப்பிட்டார். அக்கா என்னிடம் ரகசியமாக, "என்னை ஏன்டி அப்பா என்கிறான்?" லாவோ மொழியில் பா என்றால் அம்மா அப்பாவுக்கு மூத்த சகோதரி, நம் பெரியம்மா முறை. தெரிந்த பிறகு அக்கா அவருக்குத் தன் தின்பண்டப் பையைத் திறந்துவிட்டார். எனக்குக் கிடைக்காத முறுக்கெல்லாம் அவருக்குப் போனது.

பிப்ரவரி 2

"அதே புத்தர் கோயில்தானே" என்றதற்கு நான் பதிலே சொல்லவில்லை என்று ஒருவர் இடித்துக் காட்டியிருக்கிறார். சரி.

முதல் இரண்டு நாள் எனக்கும் எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. பொன், சிவப்பு, நாகம், பொன். தம்பி வந்த பிறகு கண்ணுக்குப் பிடிகிடைத்தது. லுவாங் பிரபாங் பாணியில் கூரை மூன்றடுக்காக இறங்கி, ஏறக்குறையத் தரையைத் தொடப் பார்க்கும். கோழி குஞ்சுகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி. முகட்டின் நடுவில் சின்னச் சின்னக் குடைகள் வரிசையாக நிற்கும், அதைத் தோக் சோ ஃபா என்கிறார்கள். குடை கூடினால் அரசர் கட்டிய கோயில் என்று கணக்கு. முக்கிய மண்டபத்துக்கு சிம் என்று பெயர். சுற்றிலும் எல்லைக் கல் நட்டிருக்கும். அந்தக் கல்லைக் காட்டி, "சீமா, அதிலிருந்துதான் சிம்" என்றார். அட, நம் சீமை! சீமைக்கருவேலம்வரை வந்த அதே சொல்.

அப்புறம் பாக் ஊ குகை. ஊரிலிருந்து ஆற்றோடு 25 கிலோமீட்டர் மேலே, நீளப் படகில் இரண்டு மணி நேரம். பாக் என்றால் வாய், ஊ ஆறு மெகாங்கில் விழும் வாய். எதிரே செங்குத்தான சுண்ணாம்புப் பாறை, அதில் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு குகை. உள்ளே ஆயிரக்கணக்கில் புத்தர்கள், விரல் நீளத்திலிருந்து ஆள் உயரம்வரை. பெரும்பாலும் மரம், மூக்கு தேய்ந்து, பொன் உதிர்ந்து. கோயிலில் வைத்து வணங்க முடியாதபடி பழுதான உருவங்களை எறிய மனம் வராமல் இங்கே கொண்டுவந்து வைத்துவிடுவார்களாம். மேல் குகைக்கு அக்கா வரவில்லை.

அங்கே தம்பி ஒரு காரியம் செய்தார். ஒரு சின்னப் புத்தருக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி விரல்களை நேராகக் கீழே நீட்டினார். "மழையைக் கூப்பிடுகிறார்." அந்த நிலை லாவோ புத்தருக்கே உரியது. உடம்பே மழைக்கம்பி மாதிரி இறங்கும். அதைப் பார்த்த பிறகு எந்தக் கோயிலுக்குப் போனாலும் நானும் அக்காவும் கூட்டத்தில் மழைக்காரர் எங்கே என்றுதான் தேடினோம். தாய்லாந்தில் பார்த்தது போதும் என்கிறவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்.

பிப்ரவரி 2, பின்குறிப்பு

படகு வழியில் சாங் ஹாய் கிராமத்தில் நிறுத்துவார்கள். அரிசிச் சாராயம், லாவ் லாவ். பாட்டிலுக்குள் பாம்பு, தேள் எல்லாம் இருக்கும். அக்கா படகைவிட்டு இறங்கவில்லை.

பிப்ரவரி 6

இதை எழுதலாமா என்று நான்கு நாள் யோசித்தேன்.

முதல் பதிவில் தக் பாத்தில் உட்கார்ந்து சோறு போட்டோம், மறக்க முடியாது என்று பெருமையாக எழுதினேன். நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் நாள், விடியாத இருட்டு, பெரிய தெரு. நடைபாதையில் வரிசையாகக் குட்டி பிளாஸ்டிக் ஸ்டூல். ஒரு பெண் எங்கள் தோளில் துண்டைப் போட்டு, கையில் ஒட்டரிசிச் சோற்றுக் கூடையும் ஒரு தட்டு பிஸ்கட்டும் திணித்து, பணம் வாங்கிக்கொண்டாள். சுற்றிலும் வேன் வேனாக ஆள். துறவிகள் வந்தார்கள், நடந்து அல்ல, ஏறக்குறைய ஓடி. எங்களுக்கு எதிரே ஒருவர் முக்காலி வைத்து, துறவிகளின் முகத்துக்கு மூன்றடியில் பளிச் பளிச் என்று ஃபிளாஷ் அடித்தார். நானும் போனை நீட்டினேன். இரண்டு படம் இருக்கிறது, இரண்டும் ஆடியிருக்கிறது.

இதைத் தம்பியிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து, "நான் சின்னத் துறவியாக இருந்தபோது கிண்ணத்தில் பிஸ்கட்டும் சாக்லேட்டும்தான் நிறைய விழும். பசிக்குச் சோறு வேண்டும். சுற்றுலாச் சோறு சில நாள் காய்ந்திருக்கும், சாப்பிட முடியாது" என்றார். குற்றம் சொல்லும் குரலே இல்லை. போ பென் ஞாங் என்று சேர்த்துக்கொண்டார். பரவாயில்லை என்று அர்த்தம். அவர்கள் எதற்கும் சொல்லும் சொல்.

மறுநாள் அதிகாலை தான் இருந்த வாட் பக்கத்துச் சந்துக்கு எங்களைக் கூட்டிப்போனார். தெருவின் எதிர்ப்பக்கம், ஒரு வேலி ஓரமாக நிற்கச் சொன்னார். போன் பையில். நான்கைந்து பாட்டிகள் பாய் விரித்து முட்டி போட்டிருந்தார்கள், தோளில் குறுக்கே மேலாடை. வீட்டில் அப்போதுதான் அவித்த சோறு, மூங்கில் கூடையைத் திறந்தால் ஆவி பறந்தது. ஒவ்வொரு பாட்டியும் விரலால் ஒரு சின்ன உருண்டை கிள்ளி, கிண்ணத்தில் போட்டார், அடுத்த உருண்டை, அடுத்த கிண்ணம். யாரும் பேசவில்லை. வெறுங்கால் தரையில் படும் சத்தம் மட்டும். கடைசியில் வந்த துறவி, நிறைந்த கிண்ணத்திலிருந்து ஒரு கை எடுத்து, தெருக்கோடியில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பையனுக்குப் போட்டுவிட்டுப் போனார். அவ்வளவும் ஐந்து நிமிஷம்.

ஆகவே முதல் பதிவைத் திருத்திப் படியுங்கள். சோறு போடாதீர்கள். போட்டே ஆகவேண்டும் என்று மனசு இருந்தால், தங்கும் வீட்டு ஆட்களிடம் கேட்டு அவர்களோடு உட்காருங்கள். பெண்கள் துறவியைத் தொடக்கூடாது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். இல்லையா, தள்ளி நின்று பாருங்கள்.

பிப்ரவரி 7

"அப்போ வழிகாட்டி வேண்டும் என்கிறீர்களா, வேண்டாம் என்கிறீர்களா?" என்று ஒருவர். ஐயா, எனக்கே இன்னும் முடிவாகவில்லை.

பிப்ரவரி 9

சாப்பாட்டைப் பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். சைவர்களுக்கு எச்சரிக்கை: பாதேக். மீனை உப்பும் தவிடும் போட்டு மாதக்கணக்கில் ஊறவைத்த குழம்பு. பப்பாளிக்காய் சாலட், கீரை, சட்னி, எதிலும் இருக்கும். அக்காவுக்காக "மீன் வேண்டாம்" என்று சொல்லிப் பப்பாளி சாலட் வாங்கினேன். மீன் இல்லை. அடியில் ஒரு வயல் நண்டு இருந்தது. தம்பிதான் அப்புறம் "கின் ஜே" என்று சொல்லக் கற்றுக் கொடுத்தார், புத்த மதச் சைவச் சாப்பாடு என்று புரிந்துகொள்வார்கள்.

ஒட்டரிசி பற்றி: அதைக் கரண்டியால் சாப்பிடாதீர்கள். கையால் கிள்ளி உருட்டி, தொட்டுக்கொண்டு வாயில் போட வேண்டும். கையால் சாப்பிடும் ஜாதி நாம், இதில் மட்டும் எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. மெகாங் பாசியை எள் தூவித் தட்டையாகக் காயவைத்துப் பொரிக்கிறார்கள், கைபேன். அப்பளம் என்று சொல்லி அக்காவிடம் நீட்டினேன். இரண்டு சாப்பிட்டார்.

பணம்: கிப். ஒரு டாலருக்கு 20 ஆயிரத்துக்கு மேல். நூறு டாலர் மாற்றினால் நீங்கள் லட்சாதிபதி. முப்பது வருஷம் காசு எண்ணிய எனக்கே மூன்று தடவை தப்பியது.

பிப்ரவரி 12

இன்று அங்கே மாக பூசை என்ற பௌத்தப் பண்டிகை, நமக்குத் தைப் பௌர்ணமி. தெற்கே சம்பாசக்கில் வாட் பூ திருவிழா நடக்கும் நாள். ஒரு மாதம் முந்திவிட்டோம். ஆனால் அக்காவுக்கு வேறு கணக்கு. ஜனவரி 13, திருவாதிரை. அன்று சிதம்பரத்தில் இல்லையென்றால் ஒரு சிவன் முன்னாலாவது நிற்க வேண்டும் என்றார். பௌத்த நாட்டில் சிவனுக்கு எங்கே போவது? இருக்கிறார், அதே வாட் பூவில். அதற்காகத்தான் தெற்கே பாக்சேவுக்கு விமானம் ஏறினோம்.

பூ என்றால் லாவோ மொழியில் மலை. மலைக்கோயில், அவ்வளவுதான் பெயர். பின்னால் நிற்கும் மலை சுமார் 1,400 மீட்டர். அதன் உச்சியில் இயற்கையாகவே ஒரு பாறை முளை, லிங்கம் போல. பழைய பெயர் லிங்கபர்வதம். 5-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றில் தேவானீகன் என்ற அரசன் இந்தப் பகுதியில் ஒரு தீர்த்தம் அமைத்து அதற்குக் குருக்ஷேத்திரம் என்றே பெயர் வைத்திருக்கிறான். இப்போது நிற்கும் கட்டடங்களில் பெரும்பகுதி கம்போடியாவின் கெமர் அரசர்கள் காலத்தவை, 11 முதல் 13-ஆம் நூற்றாண்டு. 2001-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நம் தொல்லியல் துறையும் அங்கே சீரமைப்பு வேலை செய்கிறது.

இங்கே வழிகாட்டி எதற்கு, சிவன் கோயில் நமக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். விடுதியில் உள்ளூர்ப் பெண் ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டதால் மறுக்கவில்லை. ஏரி போன்ற குளம், கல்தூண் வரிசைக்கு நடுவே நீண்ட நடைபாதை, இரண்டு பக்கமும் இடிந்த மாளிகைகள், அப்புறம் படி. படி என்றால் பிளந்து சரிந்த கல். இரு பக்கமும் வயசான சம்பா மரங்கள், இலை உதிர்ந்து முடிச்சு முடிச்சான கிளை, நுனியில் மட்டும் இரண்டு மூன்று வெள்ளைப் பூ. அக்கா ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்தார். அந்தப் பெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்தார், அவசரப்படுத்தவே இல்லை.

மேலே போய்ப் பார்த்தால் கருவறையில் புத்தர். மஞ்சள் துணி போர்த்திய பெரிய உருவம், முன்னால் ஊதுவத்தி. நிலைக்கல்லில் ஐராவதத்தின் மேல் இந்திரன், கருடன் மேல் விஷ்ணு. கம்சனைக் கண்ணன் கிழிக்கும் காட்சியை நான்தான் அந்தப் பெண்ணுக்குக் கதையாகச் சொன்னேன், கொஞ்சம் தலை நிமிர்ந்துதான். அக்காவின் முகம் மட்டும் வாடிவிட்டது. லிங்கம் எங்கே?

அந்தப் பெண் எங்களைக் கோயிலின் பின்பக்கம் கூட்டிப்போனார். பெரிய பாறை கூரை மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் அடியில் சொட்டுச் சொட்டாக ஊற்று. மலையிலிருந்து வரும் தண்ணீர், வருஷம் முழுவதும். ஒரு காலத்தில் கல் வாய்க்கால் வழியாக அது கருவறைக்குள்ளே போய், லிங்கத்தின் மேல் இடைவிடாமல் விழுந்துகொண்டிருந்தது. லிங்கம் போய்விட்டது, வாய்க்கால் உடைந்துவிட்டது, தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. ஊர்க்காரர்கள் இரண்டு பேர் பாட்டிலில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் கையில் ஏந்தி முதலில் அக்காவின் தலையில் மூன்று தடவை தெளித்தார், பிறகு தன் தலையில். "என் பாட்டி இப்படித்தான் செய்வாள்" என்றார். சிவன், புத்தர் என்றெல்லாம் அவர் ஒன்றும் விளக்கவில்லை. அக்கா மார்கழிப் பாட்டு ஒன்றை முணுமுணுத்தார். கண் கலங்கியிருந்தது, தண்ணீர் தெளித்ததனாலும் இருக்கலாம்.

நான் தனியாக வந்திருந்தால் நிலைக்கல்லைப் படம் பிடித்துவிட்டு இறங்கியிருப்பேன்.

பிப்ரவரி 12, இரவு

மறுநாள் பொங்கல். பாக்சே திரும்பும் வழியில் சாலையோரம் மூங்கில் குழாய்களைத் தணலில் சாய்த்துவைத்து விற்றார்கள். காவ் லாம். ஒட்டரிசி, தேங்காய்ப் பால், சர்க்கரை, கொஞ்சம் பயறு. மூங்கிலை உரித்தால் உள்ளே ஒரு வெள்ளைத் தோல் சோற்றோடு ஒட்டிக்கொண்டு வரும். அக்கா வண்டியை நிறுத்தச் சொல்லி, கிழக்கே பார்த்து நின்று, "பொங்கலோ பொங்கல்" என்று மெதுவாகச் சொன்னார். டிரைவர் என்ன நினைத்தாரோ.

பிப்ரவரி 13

சம்பாவை நான் செண்பகம் என்று எழுதவில்லை, ஆனால் ஒருவர் அப்படிப் படித்துக்கொண்டு சண்டைக்கு வருகிறார். பெயர் மட்டும்தான் சம்பகத்தின் உறவு. பூ வேறு, ஈழத்தலரி. லாவோஸின் தேசியப் பூ.

பிப்ரவரி 20

குண்டுகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. டூர் விளம்பரத்தில் இருக்காது. 1964-இலிருந்து 1973 வரை அமெரிக்க விமானங்கள் 5,80,000 தடவை வந்து 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு கொட்டிய நாடு இது. கொத்துக் குண்டுக்குள் இருந்த சின்ன உருண்டைகள் மட்டும் சுமார் 27 கோடி, அவற்றில் முப்பது சதவீதம்வரை வெடிக்காமல் மண்ணில் தங்கிவிட்டன. இன்றும் வயலில் மண்வெட்டி படும்போது வெடிக்கின்றன. தலைநகர் வியந்தியானில் கோப் மையத்துக்குப் போங்கள், கை கால் இழந்தவர்களுக்குச் செயற்கை உறுப்பு பொருத்தும் இடம். செயற்கைக் கால்கள் தொங்குகின்றன, பழையவை, மரத்திலும் உலோகத்திலும் வீட்டில் செய்துகொண்டவை. அக்கா பாதியில் வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார்.

பழங்காலக் கல் ஜாடிகள் கிடக்கும் ஜாடிச் சமவெளிக்கு நாங்கள் போகவில்லை. போகிறவர்களுக்கு ஒன்று: அங்கே தரையில் பாதி வெள்ளை, பாதி சிவப்பாகக் கல் பதித்திருக்கும். வெள்ளைப் பக்கத்திலேயே நடக்க வேண்டும். காட்டு நடை, மலை நடை என்று எதற்குப் போனாலும் உள்ளூர் ஆள் இல்லாமல் பாதையைவிட்டு இறங்காதீர்கள். இந்த விஷயத்தில் எனக்கு இரண்டாம் யோசனை கிடையாது.

பிப்ரவரி 21

கனமாகிவிட்டது. வியந்தியான் புத்தர் பூங்காவைச் சொல்கிறேன். 1958-இல் ஒருவர் இந்து மதத்தையும் புத்த மதத்தையும் ஒன்றாகப் பிசைந்து சிமென்டில் செய்த தோட்டம். மூன்று தலை யானைமேல் இந்திரன், நீட்டிப் படுத்த புத்தர், ஒரு பிரம்மாண்டப் பூசணிக்காய். அசுரன் வாய் வழியாக அதற்குள் நுழைந்து நரகம், பூமி, சொர்க்கம் என்று ஏறலாம். அக்காவின் தீர்ப்பு: "பொருட்காட்சி." பக்கத்தில் வந்த வேறொரு வழிகாட்டி எல்லாம் ஆயிரம் வருஷப் பழசு என்று தன் கூட்டத்திடம் அளந்துகொண்டிருந்தார். எல்லா வழிகாட்டிகளும் என் தம்பி இல்லை.

பிப்ரவரி 22

கேள்வி கேட்டவருக்கு: நீங்கள் மார்ச் என்று எழுதியிருந்ததை இன்றுதான் கவனித்தேன்! வடக்கே அது மலைச்சரிவுகளில் காட்டை எரித்து நிலம் திருத்தும் காலம். புகைமூட்டம். பூ சி உச்சியிலிருந்து எங்களுக்குத் தெரிந்த மலை உங்களுக்குத் தெரியாமல் போகலாம். ஆஸ்துமா இருந்தால் வடக்கே நாள்களைக் குறைத்துக்கொண்டு தெற்கே கூட்டுங்கள். நம் கானின் மேல் மூங்கில் பாலம் மட்டும் மார்ச்சில் இருக்கும். வெயில் காலத்துக்கு மட்டும் கட்டி, மழைக்கு முன் பிரித்துவிடுவார்கள்.

வியந்தியானிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு ரயில், 2021 டிசம்பரில் திறந்தது, சுமார் இரண்டு மணி நேரம். பையில் கத்தி, ஸ்ப்ரே வைக்காதீர்கள், அனுமதி இல்லை. படித்திருந்தும் மறந்து அக்காவின் மூட்டுவலி ஸ்ப்ரேயை வைத்தவள் நான். அந்த வாரம் முழுக்க அதற்காக அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மார்ச் 25

கேள்வி கேட்டவர் போய் வந்துவிட்டார். ஏஜென்டின் மூன்று நாள் டூரை விட்டுவிட்டு, ஒரே ஒரு நாளுக்கு மட்டும் முன்னாள் துறவி ஒருவரைப் பிடித்தாராம். புகை இருந்ததாம். சூரியன் ஆரஞ்சு மிட்டாய் மாதிரி இருந்தது என்று எழுதியிருக்கிறார். மழைக்காரப் புத்தரைக் கண்டுபிடித்துப் படமும் அனுப்பியிருக்கிறார். கையைக் கட்டிக்கொண்டிருக்கிறார், அது மழைக்காரர் இல்லை, போதிமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர். போ பென் ஞாங்.

ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்து. அங்கேயும் இன்று புத்தாண்டு, பீ மை. சங்கராந்தியிலிருந்து வந்த சங்கான் என்ற சொல்லும் உண்டு. கிழமைகளும் அப்படியே: ஞாயிறு வான் ஆதித், திங்கள் வான் சான், புதன் வான் புத், வெள்ளி வான் சுக். அக்கா ஒரு மணி நேரத்தில் ஏழையும் மனப்பாடம் செய்தார்.

காலையில் தம்பியிடமிருந்து அக்காவுக்கு ஒரு வீடியோ. இந்த நாள்களில் பா பாங் என்ற 83 சென்டிமீட்டர் உயரப் பொற்புத்தரை அரண்மனையிலிருந்து ஊர்வலமாக வாட் மைக்குக் கொண்டுவருவார்கள். ஊரின் பெயரே அவரால் வந்தது. மரத்தில் நாகம் போலச் செதுக்கிய நீண்ட வாய்க்கால், வால் பக்கம் மக்கள் குடம் குடமாக ஊற்ற, தலை வழியாகத் தண்ணீர் புத்தர்மேல் விழும். வீடியோ போன வருஷத்தது என்று கீழே எழுதியிருந்தார், இந்த வருஷ ஊர்வலம் இனிமேல்தானாம். அக்கா மூன்று தடவை போட்டுப் பார்த்தார்.

"அந்தப் பையனுக்கு முறுக்கு அனுப்ப முடியுமா, கூரியர் எவ்வளவு ஆகும்?" என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.